வெங்காயத் தோலும் முகூர்த்த வேட்டியும்

“இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் எங்கருந்துக்கா கிடைக்குது?”

எங்கள் மாடிவீட்டுப் பெண் டீக்கு வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இது. கைக்குழந்தைக்காரி. கூடத்துச் சுவரில் பட்டுத் துண்டுகளை அடுக்கித் தைத்து மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். துணிக்குச் சாயம் போட்டதும் வெட்டியதும் தைத்ததும் நானே என்று தெரிந்த நாளிலிருந்து, நான் ராத்திரியில் தூங்குவதே இல்லை என்று அவளாக முடிவு கட்டிவிட்டாள்.

விஷயம் அப்படியில்லை. பட்டுக்குச் சாயம் போடுவதில் நம் கை படுகிற நேரம் கொஞ்சம்தான். துணி பாட்டுக்குக் கிடக்கிற நேரம்தான் அதிகம். ராத்திரி ஊறப் போட்டால் விடியும் வரை அதற்கு நம்மால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அடுப்பில் ஏற்றினாலும் சிறுதீயில் முக்கால் மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும். அதற்குள் காய் நறுக்கி, குக்கர் வைத்து, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு வந்துவிடலாம். அவசரப்படுத்தினால் பட்டு கெடும், காத்திருக்க வைத்தால் கெடாது. வீட்டு வேலைக்கு நடுவில் செய்வதற்கு இவ்வளவு தோதான இன்னொரு கைவேலை எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தவணை தவணையாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

முதலில், ஏன் பட்டு? பருத்தியில் செய்யக்கூடாதா? செய்யலாம். ஆனால் வீட்டில் முதன்முதலாகச் சாயம் போடுகிறவருக்குப் பட்டுதான் சுலபம். விலையைப் பார்த்து நாம் பயப்படுவதோடு சரி. மருதாணி வைத்துக்கொள்ளும்போது கையில் சிவப்பு ஏறுகிறதல்லவா? நம் தோல் புரதம். மருதாணியில் இருக்கிற சாயப்பொருள் புரதத்தைப் பிடித்துக்கொள்கிற வகை. பட்டும் புரதம்தான். அதனால் கையில் பிடிக்கிற மருதாணி பட்டிலும் பிடிக்கும். பருத்தி செடியிலிருந்து வருவது, உடம்பெல்லாம் செல்லுலோஸ். அதில் சாயம் ஏற்றக் கடுக்காய், பால் என்று பல படி ஏறவேண்டும். கலம்காரிக்காரர்கள் துணியை அத்தனை முறை நனைத்து, காயவைத்து, அலசுவதன் காரணம் அதுதான். பட்டுக்கு அவ்வளவு சிரமம் இல்லை.

இன்னும் சுலபமாகக் காட்ட வேண்டுமென்றால் கேசரிப் பவுடரை எடுங்கள். கடையில் விற்கிற மஞ்சள் கேசரிப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது டார்ட்ரசின். சாயத் தொழிலில் அதற்கே ‘ஆசிட் எல்லோ 23’ என்று வேறு பெயர் உண்டு. ஒரு சிட்டிகைப் பவுடர், இரண்டு கரண்டி வினிகர், வெந்நீர். அதில் ஒரு பட்டுத் துண்டையும் ஒரு பருத்திக் கைக்குட்டையையும் சேர்த்துப் போட்டு இருபது நிமிஷம் சிறுதீயில் வைத்து அலசிப் பாருங்கள். கைக்குட்டையிலிருந்து மஞ்சள் ஓடிப்போகும், பட்டில் நிற்கும். வினிகரின் புளிப்பு பட்டின் புரதத்தில் நேர்மின் ஏறிய இடங்களை உண்டாக்குகிறது, எதிர்மின் உள்ள சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். கல்யாணப் பந்தியில் சுடச்சுடக் கேசரி மடியில் விழுந்தால் பட்டுப்புடவைக்காரிகள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

சரி, துணிக்கு எங்கே போவது? சாயம் போட வெள்ளைப் பட்டு வேண்டும். கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்தான். ஆனால் பல வீடுகளில் பீரோவுக்குள்ளேயே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது: வீட்டுக்காரரின் முகூர்த்தப் பட்டு வேட்டி. கல்யாணத்தன்று கட்டியது. பிறகு ஒரு கிரகப்பிரவேசம், அதிகம் போனால் ஒரு காதுகுத்து. சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ, சாயமேறாமல், மடிப்பு மட்டும் மஞ்சளித்து இருக்கும். இதைச் சொன்னதும் மாடிவீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் “எடுத்துக்க” என்றுதான் சொல்வார்கள், இடுப்பளவு மாறியிருக்கும்.

பழைய பட்டுப்புடவையும் ஆகும். ஜரிகைக்காகப் பழைய புடவை வாங்குகிறவர்கள் இன்றும் தெருவில் கூவிக்கொண்டு வருகிறார்கள். ஜரிகையில் இருக்கிற வெள்ளிதான் அவர்களுக்குக் கணக்கு, பட்டு அல்ல. கரையையும் முந்தியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு உடலை நாம் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே நிறமிருப்பதால் அதன்மேல் அடர்த்தியான நிறத்தைத்தான் ஏற்ற முடியும். மாம்பழ மஞ்சள் புடவை மஞ்சிட்டிச் சாயத்தில் செங்கல் நிறமாகும், ஒருகாலும் நீலமாகாது.

வெட்டுவதற்கு முன் ஓரத்திலிருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பார்த்துவிடுங்கள். பட்டு என்றால் முடி பொசுங்குகிற வாசனை வரும், தீயை விலக்கியதும் அணைந்துவிடும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் ரேயான். உருகிக் கடுகு மாதிரி உருண்டு கெட்டியானால் பாலியெஸ்டர். அதற்கு வீட்டுச் சாயம் எதுவும் ஏறாது. இப்போது கடையில் ‘பட்டு வேட்டி’ என்று குறைந்த விலைக்கு வருகிறவற்றில் பாதி இந்த ரகம்தான்.

பட்டைப் பற்றி இன்னும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புழு கட்டுகிற கூட்டில் இழை ஒன்றேதான். பிரித்தால் ஆயிரம் மீட்டர்வரைகூட நீளும். உள்ளே இருப்பது ஃபைப்ரோயின் என்கிற புரதம், மேலே பூசியிருப்பது செரிசின் என்கிற பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதைப் போக்கிய பிறகே பட்டுக்கு மினுமினுப்பும் வழவழப்பும் வருகின்றன. கடையில் வாங்கிய துணி விறைப்பாக, காகிதம் போல நொறுநொறுவென்று இருந்தால் பசை முழுக்கப் போகவில்லை என்று அர்த்தம். அப்படியே சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாக ஏறும். மென்மையான சோப்பு கரைத்த சூடான தண்ணீரில் அரைமணி வைத்து அலசினால் சரியாகும்.

இனி எடை. சாயக்காரர்கள் எல்லாவற்றையும் உலர்ந்த துணியின் எடையை வைத்துத்தான் சொல்வார்கள். சமையலறைத் தராசு போதும். நூறு கிராம் பட்டு என்றால் பத்திலிருந்து பதினைந்து கிராம் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். பொடித்து வெந்நீரில் கரைத்து, மூன்று நாலு லிட்டர் தண்ணீராக்கி, வெதுவெதுப்பானதும் நனைத்த துணியைப் போட்டு மூடிவைக்க வேண்டியதுதான். துணி தண்ணீருக்குள் தாராளமாகப் புரள வேண்டும், திணித்துவைக்கக் கூடாது. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்த கையோடு இதைப் போட்டால் காலையில் காபி கலக்கும்வரை அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் ஒரு கையால் பட்டையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. அது இல்லாமலும் வெங்காயத் தோல் சாயம் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் பழுப்பாக, உயிரில்லாமல் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, அதுவும் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு. உடைத்த படிகாரத்துக்கும் கற்கண்டுக்கும் பார்வையில் வித்தியாசமே தெரியாது. அடுத்துச் சொல்லப்போகிற அன்னபேதி இன்னும் மோசம். அது இரும்பு உப்பு, சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் ஆபத்து. இரண்டையும் பெயர் எழுதி, இறுக்க மூடி போட்ட சம்புடத்தில், பரணில் வையுங்கள். சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவை திரும்பச் சமையலுக்கு வரக்கூடாது. ‘இயற்கைச் சாயம்தானே’ என்று சலுகை காட்டுவது எனக்குப் பிடிக்காது. எட்டிக்காய்கூட இயற்கைதான்.

அடுத்து வெங்காயத் தோல். எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும். பல்லாரி உரிக்கும்போது வருகிற காய்ந்த மேல்தோல் மட்டும் அதற்குள் போகும், ஈரத்தோல் போகாது, பூஞ்சை பிடிக்கும். சின்ன வெங்காயத் தோலும் ஆகும். துணியின் எடைக்குப் பாதி எடை தோல் இருந்தால் போதும், சம எடை இருந்தால் நிறம் ஆழமாக வரும். தோல் காற்றாக இருப்பதால் ஐம்பது கிராம் சேரவே பை நிறைந்துவிடும். காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் கூடையின் அடியில் கிடப்பதை அள்ளிக் கொடுப்பார். முதல் தடவை மட்டும் ஏற இறங்கப் பார்ப்பார்.

தோலைத் தண்ணீரில் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இங்கே எவ்வளவு கொதித்தாலும் பரவாயில்லை, உள்ளே பட்டு இல்லை. கஷாயம் ஆறியதும் படிகாரத்தில் ஊறிய துணியைப் பிழிந்து போட்டு, சிறுதீயில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எண்பது டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கண்ணே போதும்: பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டும், மேலே ஆவி எழும், ஆனால் தண்ணீர் புரளாது. அதுதான் நிலை. தளதளவென்று கொதித்தால் பட்டின் பளபளப்பு போய், துவைத்துத் துவைத்து நைந்த துணியின் முகம் வந்துவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். முக்கால் மணி ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு அதே தண்ணீரில் ஆறவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் நல்லதே, நிறம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

காலையில் எடுத்தால் துணி தங்க மஞ்சள். தோல் அதிகம் போட்டிருந்தால் செம்மஞ்சள். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயில் ஆகாது.

அந்தத் துணியை அப்படியே விடலாம். பாதியை வெட்டி அன்னபேதியில் காட்டலாம், வேடிக்கையே அங்கேதான். நூறு கிராம் துணிக்கு ஒரு கிராம், மிஞ்சினால் இரண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் துணியைப் போட்டால் கண் முன்னாலேயே மஞ்சள் இருண்டு, பாசி படிந்த குளத்தின் பச்சைக்குப் போகும். ஐந்து பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும். மாதுளந்தோல், கடுக்காய் ஆகியவற்றில் சாயம் போட்ட பட்டு இதே தண்ணீரில் சாம்பலாகும், பிறகு கறுக்கும். நாம் குடித்துக்கொண்டிருக்கிற டீயும் அப்படித்தான். வடிகட்டியில் தங்குகிற தூளை இன்னொரு முறை கொதிக்கவைத்தால் பட்டுக்கு ஒரு பழுப்பு கிடைக்கும், அன்னபேதி பட்டால் அது ஈயச் சாம்பல். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. அந்தக் காலத்து எழுதுகிற மை அந்த வழியில்தான் செய்யப்பட்டது.

“ரெண்டு கிராம் பத்துமா? இன்னும் கொஞ்சம் போட்டா நல்லாக் கறுக்கும்ல?” என்றாள் மாடிவீட்டுப் பெண். கறுக்கும். ஆனால் இரும்பு மிஞ்சினால் பட்டு நாளடைவில் நொறுங்கும். பட்டும் உலோக உப்பும் சேர்ந்த கதையில் ஐரோப்பாவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. பசையைப் போக்கினால் எடையில் கால் பங்கு போய்விடும் என்றேனல்லவா? பட்டோ எடைக்கு விலை. போன எடையைத் திரும்ப ஏற்ற, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சாயப் பட்டறைகள் பட்டை வெள்ளீய உப்பிலும் இரும்பு உப்பிலும் முக்கி எடுத்தன. துணி கனத்தது, மடிப்பு மடிப்பாக அழகாக விழுந்தது, உடுத்தி நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்டது. சீமாட்டிகளுக்கு அது பெருமையாகவும் இருந்தது. இன்று அந்த கவுன்களை மியூசியத்தில் மடித்துவைக்கக்கூடப் பயப்படுகிறார்கள், மடிப்போடு மடிப்பாகக் கீறிக் கீறிப் போகிறது. அதைவிட மூத்த பட்டுத் துணிகள், எடை ஏற்றாதவை, திடமாக இருக்கின்றன. நம்முடைய இரண்டு கிராமுக்கும் அவர்கள் அளவுக்கும் ஒப்பே கிடையாதுதான். ஆனாலும் அன்னபேதிக் கரண்டியை எடுக்கும்போது இந்தக் கதை நினைவில் இருப்பது நல்லது.

மற்ற நிறங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். செண்டுமல்லிப் பூ நல்ல மஞ்சள் தரும். ஆயுதபூஜை முடிந்து வாடிய மாலையை எறியாமல் இதழ்களைக் காயவைத்துக்கொள்ளுங்கள். மஞ்சிட்டிக் குச்சி நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, அதில் செங்கல் சிவப்பு. எங்கள் ஊர் போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து குழாயையும் குக்கரையும் பாழாக்கினாலும் இந்தச் சிவப்புக்கு மட்டும் உதவி செய்கிறது, புளிப்புப் பட்டால் ஆரஞ்சாக நழுவிவிடும். ஆழ்ந்த அரக்குச் சிவப்பு, நம் காஞ்சிபுரம் புடவைகளில் நின்ற நிறம், அரக்குப் பூச்சியின் சாயத்திலிருந்து வந்தது. சமையல் மஞ்சளுக்குப் படிகாரம்கூட வேண்டாம், தொட்டாலே பிடிக்கும். ஆனால் நிற்காது. ஒரு துண்டின் பாதியை அட்டையால் மூடி ஜன்னலோரம் வைத்தால் சில நாட்களிலேயே மூடாத பாதி வெளிறிப்போவதைப் பார்க்கலாம். சோப்புப் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்கிற வழியே அதுதானே. சுவரில் மாட்டுகிற படத்துக்கு மஞ்சள் வேண்டாம். எந்தச் சாயமாக இருந்தாலும் இந்த அட்டைச் சோதனையைச் செய்துவிட்டே படத்தில் சேருங்கள்.

நீலம் வேறு ரகம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் காரத் தண்ணீரில் நொதிக்கவைத்தோ வேறு வகையிலோ ஆக்சிஜனைப் போக்கிக் கரைக்க வேண்டும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் நீலமாகும். பட்டுக்குக் காரம் ஆகாது, கொஞ்சம் தவறினாலும் துணி தொய்ந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நான் கடையில் கிடைக்கிற ஆசிட் சாயத்தையே வினிகரோடு பயன்படுத்துகிறேன். பொடியைக் கரைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வேன், அவ்வளவுதான். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இயற்கைச் சாயப் பக்தர்கள் உண்டு.

அவர்களுக்கு ஒரு தகவல். ரசாயனச் சாயத்தின் கதையும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது, அதுவும் பட்டில். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்கிற 18 வயதுப் பையன், தன் வீட்டில் வைத்திருந்த ஆய்வறையில் மலேரியாவுக்கான கொய்னாவைத் தாரிலிருந்து வருகிற பொருளைக்கொண்டு செய்ய முயன்றான். கொய்னா வரவில்லை, கறுப்பாக ஏதோ படிந்தது. சாராயத்தில் கழுவியபோது அது ஊதாவாகக் கரைந்தது. அதில் ஒரு பட்டுத் துண்டை முக்கினான். துவைத்தும் போகவில்லை, வெயிலுக்கும் வெளிறவில்லை. ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துச் சாயக்காரர்களுக்கு மாதிரி அனுப்பி, அவர்கள் நல்ல வார்த்தை சொன்ன பிறகு அதே ஆண்டில் காப்புரிமையும் வாங்கினான். அதன் பிறகு வரிசையாக வந்தன. 1897இல் ஜெர்மனியில் ரசாயன நீலம் ஆலைச் சரக்காகி விற்பனைக்கு வந்ததும் கடப்பை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் அவுரி விவசாயம் படுத்தது. ஆகவே இதில் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க எனக்கு வரவில்லை. சாயக்கழிவை எங்கே விடுகிறோம் என்பதுதான் கேள்வி. நொய்யல் ஆற்றின் கரையில் இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் வீட்டு அளவில், சாயம் பூராவும் துணியில் ஏறித் தண்ணீர் தெளியும்வரை அடுப்பில் வைத்திருந்தால் கொட்டுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஒரே நிறமாக முக்குவது அலுத்தால் முடிச்சுப் போடலாம். மதுரைக்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. சுங்குடிப் புடவையில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டதெல்லாம் சௌராஷ்டிர வீடுகளில் வேலைக்கு நடுவே பெண்கள் செய்ததுதான். அது பருத்தி. இப்போது சுங்குடி என்று விற்பதில் முடிச்சுப் போடாமல் அச்சடித்தவையே அதிகம். பட்டில் முடிச்சு இன்னும் நன்றாக வரும். பாசிப்பயறு வைத்துக் கட்டினால் சின்ன வளையம், புளியங்கொட்டை வைத்துக் கட்டினால் பெரிய வளையம். டிவி பார்த்துக்கொண்டே கட்டலாம்.

இலையை அச்சாக்குவது இன்னொரு வழி. படிகாரத்தில் ஊறிய துணியை விரித்து, தேக்கின் இளந்தளிரையோ யூகலிப்டஸ் இலையையோ பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி நூலால் வரிந்து, ஓய்வு பெற்ற இட்லிக் கொப்பரையில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆவியில் வையுங்கள். தேக்குத் தளிரைக் கசக்கினால் கை சிவக்கும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பட்டில் அது கருஞ்சிவப்பும் ஊதாவுமாக நரம்போடு படியும். யூகலிப்டஸ் இலையை ஆஸ்திரேலியாவில் இந்தியா ஃபிளின்ட் என்கிற கலைஞர் இப்படிப் பயன்படுத்தி, 2008இல் புத்தகமும் எழுதிய பிறகு உலகமெங்கும் இதற்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நன்றாக ஆறிய பிறகே கட்டைப் பிரிக்க வேண்டும். என் அனுபவத்தில் இந்த வேலையிலேயே சிரமமான பகுதி, பிரிக்காமல் இருப்பதுதான்.

நிறம் சேர்ந்துவிட்டது. இனி படம்.

பெரிய கற்பனை எதுவும் இல்லாமல் தொடங்க ஒரு வழி சொல்கிறேன். தங்க மஞ்சளாகச் சாயம் போட்ட துணியில் இரண்டு அங்குலச் சதுரங்கள் நாலு வெட்டுங்கள். இரண்டைப் பாவு நூல் மேலும் கீழுமாக வரும்படியும் இரண்டைக் குறுக்காகத் திருப்பியும் அடுத்தடுத்து வைத்து ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். ஒரே பாத்திரத்தில் போட்ட ஒரே துணி, இரண்டு நிறமாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் இருண்டது வெளுக்கும், வெளுத்தது இருளும். பட்டு இழையைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். அதன் பட்டைகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால், நூல் ஓடுகிற திசைக்குத் தக்க நிறம் மாறித் தெரிகிறது. பாவு மெல்லியதாகவும் ஊடை தடிமனாகவும் நெய்த துணியில் இது இன்னும் எடுப்பாகத் தெரியும். பருத்தியில் எத்தனை சாயம் போட்டாலும் இந்த வித்தை வராது. என் கூடத்துப் படத்தில் இருபது நிறம் இருப்பதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், இருப்பது ஆறு. மற்றதெல்லாம் துணியைத் திருப்பிவைத்ததுதான்.

தைப்பதற்கு அடியில் ஒரு பருத்தித் துணி கட்டாயம். பழைய மல் வேட்டி போதும், பட்டு தனியாக இருந்தால் வழுக்கிக்கொண்டே போகும். துண்டுகளை மேலே அடுக்கி, பெரிய தையலாக நாலு இழை ஓட்டி நிறுத்திக்கொண்டு, பிறகு பொடித் தையலாக ஓட்டுத் தையல் போடலாம். ஊசி மெல்லியதாக இருக்கட்டும், தடித்த ஊசி போன துளை பட்டில் மூடாது. ஓரம் பிரிவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உள்ளே மடித்துத் தைக்கலாம். நான் மடிப்பதில்லை. கால் அங்குலம் இழை பிரியவிட்டு அதற்கு உள்ளே தைக்கிறேன், அந்தப் பிசிறுக்கும் ஓர் அழகு இருக்கிறது. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் கூடவே ஒரு கண்டு பட்டு நூலையும் முக்கிவிட்டால் துணிக்குச் சேர்த்தி நூலும் கிடைத்துவிடும்.

ஓட்டுத் தையலை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதும் இதில் சௌகரியம். கதவு தட்டினால், பால் பொங்கினால், பிள்ளை அழுதால், ஊசியைச் சம்புடத்துக்குள் போட்டு மூடிவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது விட்ட இடம் விட்டபடி இருக்கும். வங்காளத்துப் பெண்கள் கிழிந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, இதே தையலால்தான் காந்தா போர்வைகள் தைத்தார்கள். 1911இல் பாரிஸில் சோனியா டெலோனே என்கிற ஓவியர், பிறந்திருந்த தன் மகனுக்காகத் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். உக்ரைன் கிராமத்து வீடுகளில் பார்த்த மாதிரியில் தைத்ததுதான். தைத்து முடித்தபோது, அன்று புதிதாகக் கிளம்பியிருந்த கியூபிச ஓவியம் போலவே அது இருந்தது. அதன் பிறகு அவரும் அவர் கணவரும் வரைந்த ஓவியங்களின் வண்ண வட்டங்களுக்கும் கட்டங்களுக்கும் அந்தப் போர்வையிலிருந்தே கோடு இழுக்கிறார்கள் கலை வரலாற்றுக்காரர்கள். அது இப்போது பாரிஸில் நவீனக் கலை மியூசியத்தில் இருக்கிறது. தொட்டிலுக்குப் போட்ட துணி.

இதைச் சொன்னபோது மாடிவீட்டுப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அவ்வளவெல்லாம் வராதுக்கா. ஒரு சின்னதா, தலையணை உறை அளவுக்கு?” என்றாள். தாராளமாக. ஒரு கைக்குட்டை அளவில் தொடங்குவதே புத்திசாலித்தனம். அளவு சின்னதாக இருந்தால் மடியில் கிடக்கும், மேஜை வேண்டாம்.

முடித்ததை எங்கே மாட்டுவது என்பதையும் யோசித்துவிடுங்கள். மேற்கு வெயில் விழுகிற சுவர் வேண்டாம், எந்தச் சாயமும் தாங்காது. சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம், எண்ணெய்ப் புகை பட்டில் படிந்தால் போகாது. மேல் ஓரத்தின் பின்பக்கம் ஒரு பருத்திப் பட்டியைக் குழாய் போலத் தைத்து அதில் ஒரு குச்சியைச் செருகினால் படம் தன் எடையைச் சமமாகத் தாங்கும். மழைக்காலத்தில் இறக்கி, பின்பக்கத்தைத் துடைத்து, காற்றாட வைத்து மாட்டுங்கள். மடித்துவைப்பதானால் பழைய புடவைக்குள் சுற்றி இரண்டு வசம்பு போடுங்கள். மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

“கண்ணாடிச் சட்டம் போட்டா?” என்று கடைசிக் கேள்வி. போடலாம், கண்ணாடி பட்டில் ஒட்டக் கூடாது. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சட்டம் போடுகிற கடையில் துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டித்தான் பழக்கம், பசை காய்ந்து ஒரே வருஷத்தில் மஞ்சளாக மேலே வரும். அட்டைமேல் பருத்தித் துணியைப் போர்த்தி, அதில் படத்தை நாலு ஓரமும் நாமே தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கடைக்காரருக்கு ஒட்டுகிற வேலை இல்லை.